நடுவில் ஒரு பெஞ்சு

செப்டம்பர் 21, வெள்ளி

இன்று அம்மாவிடம் சொல்லாதது: போகாதே.

மினிபஸ் விடியும்போதே வந்துவிட்டது. ஓட்டுநர் மித்கோ பின்கதவைத் திறந்து சாமான்களை அடுக்கினான். அம்மாவின் பெட்டி, நான்கு ஜாடி மிளகாய் விழுது, ஒரு பை அக்ரூட்.

"அக்கா, லின்ட்ஸ்ல கடையே கிடையாதா? நம்ம லோம் ஊரையே தூக்கிட்டு வர்றீங்க."

"அங்க மிளகாய்னு விக்கிறதை உன் மாமியாருக்குக்கூடக் குடுக்க மாட்டே. பாத்து வை, உடைஞ்சா உன்னைத்தான் அதுல ஊறப்போடுவேன்."

செம்பில் தண்ணீர் எடுத்து அம்மா நடக்கும் வழியில் ஊற்றினேன். போகிற காரியம் தண்ணீர் மாதிரி ஓடட்டும் என்று ஊற்றுவது. அவள் அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டு போய் ஏறினாள். படியில் கால் வைக்கும்போது இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கோட்டுக்குள்ளே இடுப்பு வலிக்கான பெல்ட் கட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கட்டியிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறு வருடமாக இப்படித்தான். மூன்று மாதம் அம்மா, மூன்று மாதம் எங்கள் குடியிருப்பில் பக்கத்துப் படிக்கட்டில் இருக்கும் நெத்கா அத்தை. ஆஸ்திரியாவின் லின்ட்ஸில் ஒரு வீடு, அதில் தொண்ணூறு தாண்டிய ஹெட்விக் என்ற ஒரு கிழவி, பணிப்பெண்ணுக்கு ஒரு கட்டில். அந்தக் கட்டிலை இவர்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி நிரப்புகிறார்கள். சேர்ந்து ஒரு பண்டிகைகூட ஊரில் கொண்டாடியதில்லை.

கதவு மூடும் முன் அம்மா சொன்னாள்: "நீ அந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸைப் பாஸ் பண்ணி வேலைக்குப் போயிட்டா நான் இந்த பஸ்ல ஏற மாட்டேம்மா. இதுதான் கடைசித் தடவைன்னு வெச்சுக்க."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அக்டோபர் 3

வகுப்பு தொடங்கிவிட்டது. நூலகத்தின் மாடியில், வாசிப்பு அறையில். காலையில் எந்த மேசையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறேனோ, மாலையில் அதே மேசையில் மாணவி. நூலகத்தில் எனக்கு இப்போது அரை நாள் வேலைதான். அடுத்த வருடம் அதுவும் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

சொல்லிக்கொடுப்பவன் அசென். வ்ராட்சா நகரத்திலிருந்து வருகிறான், என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவன். கையில் எப்போதும் சூரியகாந்தி விதைப் பொட்டலம். இருபது பேர் இருக்கிறோம். ஜனவரி இருபத்திரண்டில் பரீட்சை. அதில் ஐந்து பேரை எடுத்து, கோர்ஸ் நடத்தும் கம்பெனியின் வ்ராட்சா அலுவலகத்தில் சம்பளத்தோடு பயிற்சி.

"நேர்ல வரணும். காய்ச்சல், கல்யாணம், பண்டிகைக்குப் பன்னி வெட்டு, எதுவும் காரணம் இல்லை" என்றான்.

"பன்னி வெட்டுகூடவா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கால்யா. இறைச்சிக் கடையில் நிற்கிறவள். "அப்ப எங்க வீட்டுக்காரர் கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அக்டோபர் 17

இன்றைய கணக்கு. சில எண்கள் வரிசையாகப் பெட்டிகளில் இருக்கின்றன. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். அடுக்கித் தரும் ஆயத்தக் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. நாமே சொல்லித்தர வேண்டும், படிப்படியாக, எதுவுமே தெரியாத ஒருவனுக்குச் சொல்வதுபோல.

இதைக் குழந்தைகள்கூடச் செய்வார்கள். மூன்று வருடமாகப் புத்தகங்களை அடுக்குகிறேன். ஒன்றை உருவிக் கையில் வைத்துக்கொள்வேன், மற்றதை நகர்த்துவேன், கையில் இருப்பதைச் செருகுவேன். எப்படிச் செய்கிறேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் எழுதியது இது: பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளைப் பார். முதலாவது பெரியதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்று. இடம் மாற்றுவது என்றால், முதல் பெட்டியில் இரண்டாவதை வை, இரண்டாவது பெட்டியில் முதலாவதை வை. இதில் என்ன தவறு இருக்க முடியும்?

கொடுத்தது 7, 3, 9, 2. வந்தது 3, 3, 2, 2.

அசென் என் திரையைக் குனிந்து பார்த்தான். "ஏழு எங்க?"

நான் திரையை மேலும் கீழும் உருட்டினேன்.

"ஒன்பது எங்க? ரெண்டு பேரைத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கீங்களே."

"பசின்னா சொல்லுடி, நான் கடையிலேர்ந்து சலாமி கொண்டுவர்றேன்" என்றாள் கால்யா.

எங்கே போயின என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். வாய் வரவில்லை. எல்லோரும் படித்தவள் என்று நினைக்கிற ஒருத்திக்குக் கேள்வி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கால்யாவுக்குத் தெரியாது. அவள் கையைத் தூக்கி எது வேண்டுமானாலும் கேட்கிறாள்.

அக்டோபர் 19

மறுபடியும் 3, 3, 2, 2.

அக்டோபர் 26

இன்று அம்மாவிடம் சொல்லாதது: வாராந்திரத் தேர்வில் எனக்குப் பூஜ்யம்.

"எப்படிம்மா போகுது?"

"நல்லாத்தான் போகுது."

"கஷ்டமா?"

"இல்லை. ஹெட்விக் பாட்டி எப்படி இருக்கா?"

"இன்னிக்கு என்னை நெத்கான்னு கூப்பிட்டா. போன தடவை நெத்காவை என் பேர் சொல்லி மாலினான்னு கூப்பிட்டிருப்பா. எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு நினைச்சுட்டாளோ என்னமோ. அதுவும் தப்பில்லை."

நவம்பர் 4, ஞாயிறு

அம்மா இன்று போனைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு மர பெஞ்சு, மேலே பச்சை மெத்தை. ஆறு வருடமாக அந்த பெஞ்சைப் பார்த்துவருகிறேன். அதன் மேல் மடித்து வைத்த ஒரு கம்பளி.

"அந்தக் கம்பளி எதுக்கு?"

"அது மாத்துற ராத்திரிக்கு. நெத்கா வர்ற அன்னிக்குக் கட்டிலை அவளுக்கு விட்டுட்டு நான் பெஞ்சுல படுப்பேன். நான் வர்ற அன்னிக்கு அவ படுப்பா."

"ஒருத்தி வந்ததும் ஒருத்தி கிளம்பிட வேண்டியதுதானே?"

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எப்படிக் கிளம்புறது? மூணு மாசத்துல மாத்திரை மாறியிருக்கும். எந்தப் பக்கம் திருப்பினா வலிக்குதுன்னு காட்டணும். அதைவிட, பாட்டி எங்க ரெண்டு மூஞ்சியையும் ஒண்ணாப் பாக்கணும். இல்லைன்னா காலைல வேற ஆள் நிக்குதேன்னு அலறுவா. ஒரு ராத்திரி ரெண்டு பேரும் இருக்கணும்மா. ஒருத்தி உள்ள, ஒருத்தி பெஞ்சுல. அப்பதான் மாத்த முடியும்."

பேசி முடித்து வைத்ததும் என் கணக்கைத் திறந்தேன்.

முதல் பெட்டியில் இரண்டாவதை வைத்த அந்தக் கணமே முதலாவது போய்விட்டது. அடுத்த வரியில் அதைத் தேடினால் எங்கே இருக்கும்? நான் புத்தகம் அடுக்கும்போது உருவியதைக் கையில் வைத்திருக்கிறேன். கணினிக்குக் கை இல்லை. அதற்கு ஒரு பெஞ்சு போட்டுத்தர வேண்டும்.

எழுதினேன். பெஞ்சில் முதலாவதை வை. முதல் பெட்டியில் இரண்டாவதை வை. இரண்டாவது பெட்டியில், பெஞ்சில் இருப்பதை வை.

3, 7, 2, 9.

வரிசை இன்னும் சரியில்லை. ஆனால் யாரும் காணாமல் போகவில்லை.

நவம்பர் 7

அசென் பார்த்தான். அந்த நடுப்பெட்டிக்கு நான் பெஞ்சு என்றே பெயர் வைத்திருந்தேன்.

"பெஞ்சா? இதுல யாரு உக்காரப் போறாங்க?"

"ஏழு" என்றேன்.

விதையை மென்றுகொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "சரி. ஏழு பிழைச்சுது. இப்ப ரெண்டைப் பாருங்க. அது முன்னாடி வரணும்ல? ஏன் நடுவுலயே நிக்குது?"

நவம்பர் 23

முடிந்தது. 2, 3, 7, 9. நூறு எண் கொடுத்தாலும் அடுக்குகிறது.

ஒரு முறை வரிசை முழுக்கப் போய் வந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. ஒரு சுற்றில் பெரிய எண் ஒரே மூச்சில் கடைசிக்குப் போய்விடுகிறது, தள்ளுகிறவர்கள் எல்லோரும் அதைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் நிற்கும் சின்ன எண்ணோ ஒரு சுற்றுக்கு ஓர் அடிதான் முன்னே வருகிறது. அதற்காகத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். சின்னவர்கள் அடி அடியாகத்தான் நகரும் எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏன் இவ்வளவு நாள் ஆனது?

கால்யாவுக்கும் வந்துவிட்டது. நான் பெஞ்சைச் சொல்லிக்கொடுத்தேன். "அட, இவ்ளோதானா? வெட்டுக் கட்டையில ஒண்ணை ஓரமா வெச்சுட்டு இன்னொண்ணை வெட்டற மாதிரி" என்றாள். பிறகு மெதுவாக, "நீ பாஸாயிடுவேடி. உன் அம்மாவை வீட்டுல உக்கார வெச்சுடலாம்."

இதை நான் அவளிடம் சொன்னதில்லை. யார் சொன்னார்கள்? இந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 11

அம்மா சொன்ன செய்தி: ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் இனி மாற்றும் இரவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். வருகிறவளை இறக்கிவிட்டு, அதே வண்டியிலேயே போகிறவளை ஏற்றிக்கொள்வார்கள். வாசலிலேயே மாற்றல். ஒரு நாள் இரண்டு பேர் இருப்பது வீணாம்.

"நெத்கா அத்தை என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா? வாசல்லயே எல்லாத்தையும் சொல்லிடு மாலினா, நான் வேகமா கேட்டுக்கறேன்னா."

அம்மா இருபதாம் தேதி கிளம்பி இருபத்தொன்றில் வருகிறாள். பீப்பாயில் முட்டைக்கோஸ் நன்றாகப் புளித்துவிட்டது.

டிசம்பர் 20, வியாழன்

அம்மா வண்டியில் ஏறவில்லையாம்.

டிசம்பர் 21

முழுவதும் இப்போதுதான் தெரிகிறது. நேற்று மித்கோவின் வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றது. அதில் நெத்கா அத்தை இல்லை. அவளை வழியில் வெல்ஸ் என்ற ஊரில் இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டுவிட்டார்களாம், ஏஜென்சியின் உத்தரவு. அங்கே இருந்தவள் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாளாம், அந்த வீட்டுக்காரர்கள் கத்தினார்களாம். லின்ட்ஸுக்கு வேறு ஆள் பின்னாலேயே வருவாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மா பெட்டியோடு கீழே நின்றிருக்கிறாள். கோட்டு போட்டு, தலைக்குக் குட்டை கட்டி.

"ஏறுங்கக்கா" என்றிருக்கிறான் மித்கோ. "நான் இன்னும் ஆறு பேரை ஏத்தணும். வர்றவ வந்துடுவா."

"எப்ப வருவா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓட்டுறவன்தானே."

"நீ போடா."

"பண்டிகை வருதேக்கா. உங்க பொண்ணு விஹ்ரா தனியா இருப்பா."

"அவளுக்குக் கால் இருக்கு, கை இருக்கு. மேல படுத்திருக்கறவளுக்கு ரெண்டும் இல்லை. நீ போ."

மித்கோ இன்று மதியம் வந்து அம்மா கொடுத்த பையைக் கொடுத்துவிட்டு இதைச் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காபி குடிக்காமலே போய்விட்டான்.

பிறகு நெத்கா அத்தையிடமிருந்து செய்தி. "என்னை மன்னிச்சிடும்மா. நான் வண்டியில அழுதேன். இறங்கலைன்னா இனி வேலையே கிடையாதுன்னாங்க."

அம்மாவோடு பேசினேன். விட்டுட்டு வந்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "பூட்டிட்டு வர்றதுக்கு அவ என்ன சாமானாம்மா?"

மகன் இல்லையா அந்தக் கிழவிக்கு? இருக்கிறான், வெர்னர், மியூனிக்கில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூ வாங்கிக்கொண்டு வருவான். அவனுக்குப் போன் செய்தால் அதை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்கிறானாம்.

டிசம்பர் 24

இரண்டு பேருக்கு மேசை போட்டேன். அவரை சூப், அரிசி வைத்த கோஸ் இலைச் சுருள், பூசணிக்காய்ச் சுருட்டு, அக்ரூட், பூண்டு, தேன், ரொட்டி. ஏழு வகை. ரொட்டியைப் பிய்த்தேன், ஒரு துண்டு வீட்டுக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட காசு அம்மாவின் துண்டில் இருந்தது. போனில் காட்டினேன்.

"பாரு, அதிர்ஷ்டம் எனக்குத்தான்" என்று சிரித்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்காரவில்லை, ஒரு பக்கமாக. இப்போது அங்கேதான் படுக்கிறாளாம். கட்டில் பள்ளமாக இருக்கிறது, இடுப்புக்குப் பலகை நல்லது என்றாள்.

பண்டிகை இரவின் வழக்கப்படி மேசையைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டேன். இரண்டு தட்டும் அப்படியே இருக்கின்றன.

ஜனவரி 5

புது ஆள் வரவில்லை. அடுத்த வாரம் என்கிறார்கள். சென்ற வாரமும் அடுத்த வாரம் என்றார்கள்.

அம்மாவால் கிழவியைத் திருப்ப முடியவில்லை. நேற்று இருவரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அரைமணி நேரம் சிக்கிக்கொண்டு கிடந்தார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு கிழவிங்க, ஒருத்தியை ஒருத்தி தூக்கப் பாத்தோம்."

என்னால் சிரிக்க முடியவில்லை.

என் நிரலில் மூன்று வரிகள். பெஞ்சில் வை. இடத்தை நிரப்பு. பெஞ்சில் இருப்பதை எடுத்து அதன் இடத்தில் வை. மூன்றாவது வரியை எழுத மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று இன்று செய்து பார்த்தேன். கணினி எந்தத் தவறும் சொல்லவில்லை. ஓடி முடித்தது. பெஞ்சில் இருப்பது அங்கேயே இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை.

ஜனவரி 9

எனக்குப் பள்ளியில் படித்த ஜெர்மன் இருக்கிறது. கை கால் இருக்கிறது. அம்மாவுக்குப் பதில் நான் போகட்டுமா என்று ஏஜென்சியில் கேட்டேன், உடனே சரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மித்கோவின் வண்டி.

மாலை அசெனிடம் போனேன். பரீட்சையை அங்கிருந்து எழுத முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு நாளாக எதையும் கேட்காமல் இருந்தேன், முதன்முதலாகக் கேட்டதே இது.

"நான் தலைமை ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன்" என்றான். கேட்டான். வராந்தாவில் நின்று நெடுநேரம் பேசினான். திரும்பி வந்து விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

"நேர்ல வரணும்கறாங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னு."

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. பரவா இருக்கு. ரெண்டு வாரம்தானே, உங்கம்மாவால தாங்க முடியாதா?"

அம்மாவால் எதைத்தான் தாங்க முடியாது? அதுதான் பிரச்சினை. இதை அவனிடம் சொல்லவில்லை. ஒரு விதையை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 14, லின்ட்ஸ்

அம்மா கதவைத் திறந்தாள். செப்டம்பரில் போனவளைவிடக் குள்ளமாக இருந்தாள்.

"பரீட்சையை விட்டுட்டு வந்தியா?"

"தள்ளி வெச்சிருக்காங்க" என்றேன்.

முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நம்பவில்லை. கேட்கவுமில்லை. எங்கள் வீட்டில் இது பரம்பரை.

மித்கோவிடம் ஒரு ஜாடி மிளகாய் விழுதைக் கொடுத்து, நாளைக் காலை வரை ஊரில் தங்கச் சொல்லியிருந்தேன். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, பார்க்க வேண்டும் என்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டான். "உண்மையிலயே சத்தம் வருது, உங்கம்மா திட்டுற சத்தம்" என்றான்.

ஆக, எங்களுக்கு ஒரு மாற்றும் இரவு கிடைத்தது.

அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஹெட்விக் தலையணையில் ஒரு குருவி மாதிரி இருந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா தன் கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டிக் காட்டினாள். கிழவி நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"வேண்டாம்கறாங்களா?" என்றேன்.

"இல்லைடி. சரிங்கறா. ஆறு வருஷமா எங்களையே பாத்துப் பாத்து, நாம ஆட்டுற மாதிரி ஆட்டக் கத்துக்கிட்டா. இப்பல்லாம் பேச்சே வர்றதில்லை, தலைதான். ஆமான்னா இப்படி. இல்லைன்னா மேல கீழ. அவ பிள்ளைக்கே இது தெரியாது. சூப் வேணுமாம்மான்னு கேப்பான், அவ வேணும்னு ஆட்டுவா, அவன் தட்டை எடுத்துட்டுப் போயிடுவான். ஞாபகம் வெச்சுக்க. எழுதிக்க வேண்டாம், ஞாபகம் வெச்சுக்க."

மாத்திரைகள், முதுகுக்குத் தடவும் களிம்பு, எந்தத் தோளைத் தொடக் கூடாது, வெந்நீர் எவ்வளவு சூடு. பேசிக்கொண்டே இருந்தாள். நான் கட்டிலில், கதவு திறந்திருக்க, அவள் சமையலறை பெஞ்சில். பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள்.

ஜனவரி 15

அம்மா கிளம்பிவிட்டாள். செம்பு இல்லை. பால் ஜாடியில் தண்ணீர் பிடித்து வந்து படிக்குக் கீழே ஊற்றினேன்.

"பனியில தண்ணியை ஊத்துறா பாரு. ஐஸாகி யாராவது மண்டையை உடைச்சுக்குவாங்கடி."

ஆனாலும் அதை மிதித்துத்தான் போனாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 22

பரீட்சை நாள். காலையில் ஹெட்விக்குக்குத் தலை வாரிவிட்டேன்.

பிப்ரவரி 10

கால்யா தேறிவிட்டாள். ஐந்தில் ஒருத்தி. அழுதுகொண்டே போன் செய்தாள். "இதுல பாதி உன்னோடதுடி. அடுக்கற கணக்குதான் வந்துச்சு, நான் பெஞ்சு போட்டேன்."

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் வேறு மாதிரியும் இருந்தது. அதையும் இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

அம்மாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எனக்குச் செய்தி அனுப்புகிறாள். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா, தோளைத் தொடாதே. நான் ஊரில் உட்கார்ந்து செய்த வேலை அது. இப்போது அவள் இடத்தில் நான், என் இடத்தில் அவள். இதற்காகவா அவள் ஆறு வருடம் இந்த பஸ்ஸில் ஏறினாள்?

மாலையில் ஹெட்விக்குக்குச் சத்தமாகப் படிக்கிறேன். என் உச்சரிப்பு மோசம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நிறுத்தினால் கண் திறக்கிறது.

மார்ச் 1

அம்மா தபாலில் மார்த்தெனிட்சா அனுப்பியிருந்தாள், வசந்தத்துக்காகக் கையில் கட்டும், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல். இரண்டு. ஒன்றை நான் கட்டிக்கொண்டேன். இன்னொன்றை ஹெட்விக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் கட்டியிருப்பார்கள் போல. முதல் நாரையைப் பார்க்கும் வரை கழற்றக் கூடாது.

மணிக்கட்டு இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நூலை இரண்டு சுற்று சுற்றினேன்.

மார்ச் 12

ஹெட்விக் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. வெர்னர் வந்திருக்கிறான். டாக்டரும் வந்தார், புதியவர், வழக்கமாக வருகிறவர் விடுப்பில்.

டாக்டர் குனிந்து, மெதுவாக, தெளிவாகக் கேட்டார்: வலிக்கிறதா?

ஹெட்விக் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"நல்லது" என்று டாக்டர் பையை மூடினார். வெர்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, அம்மாவுக்கு வலி இல்லை" என்றான்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த வீட்டில் என் இடம் அதுதான்.

"அது ஆமாம்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"எங்க ஊர்ல அதுக்கு ஆமாம்னு அர்த்தம். இவங்க எங்ககிட்டே இருந்து கத்துக்கிட்டாங்க. இவங்களுக்கு வலிக்குது."

வெர்னர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். டாக்டர் அப்படிப் பார்க்கவில்லை. மறுபடி குனிந்தார். "வலி இருந்தா என் விரலை அழுத்துங்க அம்மா."

அழுத்தினார். நூல் கட்டிய கை அது. டாக்டரின் விரல்நுனி வெளுத்ததை நான் பார்த்தேன்.

ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. வெர்னர் சமையலறைக்குப் போய் அந்தப் பச்சை மெத்தையில் உட்கார்ந்தான்.

"சூப்" என்றான். "நான் கேக்கும்போதெல்லாம்..."

"ஆமாம்" என்றேன்.

மார்ச் 14

ஹெட்விக் இன்று காலை இறந்தார். தூக்கத்தில். எடுத்துப்போக வந்தவர்கள் நூலைக் கத்தரிக்கப் போனார்கள். வெர்னர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"கடைசியில இல்லை."

"சொன்னேன்ல, ஞாபகம் வெச்சுக்கன்னு."

ஏப்ரல் 2, லோம்

வீடு. துறைமுகத்துக்கு மேலே ஒரு நாரை. நூலைக் கழற்றி வழக்கப்படி வாதுமை மரத்தில் கட்டினேன்.

நவம்பர் 8

கோடையில் நூலக வேலை போய்விட்டது. செப்டம்பரில் இரண்டாவது வகுப்பு தொடங்கியது, இந்த முறை சீக்கிரமே முடித்துவிட்டார்கள். இன்று பரீட்சை. முதல் கணக்கு அடுக்குவதுதான். நிதானமாக எழுதினேன்.

அசென் என் பின்னால் வந்து நின்றான். "இன்னும் பெஞ்சா?"

"ஆமா."

"ஆபீஸ்ல யாருக்கும் புரியாதுங்க. எல்லாரும் வெக்கிற பேரையே வெச்சிடுங்க."

ஆபீஸ் என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. சரி என்றேன். பெயரை மாற்றினேன். அந்த பெஞ்சில் யார் படுத்திருந்தார், எத்தனை நாள், என்பதை அவனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 3

நேற்று வ்ராட்சாவில் வேலையில் சேர்ந்தேன். என் மேசைக்கு எதிர் மேசை கால்யாவுடையது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, அம்மா இனி பாரம் தூக்கக் கூடாது. பெட்டியை அலமாரியின் மேல் வைத்துவிட்டாள், நான்தான் ஏற்றிக்கொடுத்தேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இப்போது அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

இப்போது வெல்ஸ் வீட்டிலேயே மூன்று மாத முறை பார்க்கும் நெத்கா அத்தை, சென்ற மாதமே அங்கிருந்து திரும்பியிருக்க வேண்டும். அம்மா தினமும் அவள் வீட்டுக்காரருக்கு ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுபோகிறாள். அத்தையை மாற்ற வேண்டியவளை வழியில் வேறு வீட்டில் இறக்கிவிட்டார்களாம். இன்னும் யாரும் வரவில்லை.